மாட்டுக் கணக்கும் மனுசிக் கணக்கும்

சம்பந்தியம்மா சொல்றதுதான் சரி. அவுக மூணு பெத்தவுக. மூணும் நல்லா இருக்கு. அதுல ஒண்ணைத்தான் எங்க பேத்திக்கு மாப்பிள்ளையாக் குடுத்திருக்காக. அப்பேர்ப்பட்டவுக, "மாத்திரை சாப்பிடுறவ பால் குடுத்தா மருந்து பூராவும் பிள்ளைக்கு இறங்கிரும்"னு சொன்னா நாம மறுபேச்சு பேசலாமா? நீ பேசாமப் பீச்சி ஊத்து தாயி. டாக்டரம்மா பத்து நாளைக்கு எழுதியிருக்காக, பத்து நாளும் ஊத்து. கொல்லையில நிக்கிற முருங்கைக்காவது ஆகும். பிள்ளைக்கு மாப்பிள்ளை டப்பா வாங்கியாந்துட்டாக, பாட்டில் வாங்கியாந்துட்டாக, பாட்டில் கழுவுற பிரஷ்கூட வாங்கியாந்துட்டாக. ஒரு குறையும் இல்லை. நான் கிழவி, ஓரமா உக்காந்து வெத்தலை இடிச்சுக்கிட்டுக் கெடக்கேன்.

ஒரே ஒரு சந்தேகந்தான். கேட்டுட்டு வாயை மூடிக்கிறேன்.

பால் நல்லா ஊறட்டும்னு நேத்து இவளுக்கு உரிச்ச பூண்டை ரெண்டு கை அள்ளிப் போட்டுக் குழம்பு வச்சது யாரு? சம்பந்தியம்மாதான். ருசியும் குறை சொல்றதுக்கில்லை. தாய் திங்கிறது பிள்ளைக்கு இறங்கும்னா அந்தப் பூண்டும் இறங்கியிருக்கணுமில்ல? இறங்கத்தான் செய்யும். 1991-ல அமெரிக்காவுல பிலடெல்பியாவுல ரெண்டு ஆராய்ச்சிக்காரங்க தாய்மாருக்குப் பூண்டு மாத்திரை குடுத்து, பாலை மோந்து பாக்க வச்சாக. ரெண்டு மணி நேரத்துல பால்ல பூண்டு வாசம் தூக்கலா வந்துச்சு. பிள்ளைக மூஞ்சியச் சுளிக்கலை. வழக்கத்தவிடக் கூடுதல் நேரம் மார்லயே ஒட்டிக்கிட்டுக் கெடந்துச்சுக. அப்ப பூண்டு இறங்குனா பிள்ளை வளரும், மாத்திரை இறங்குனா பிள்ளை போயிருமா? இறங்குறதுங்கிற சங்கதி ரெண்டுக்கும் ஒண்ணுதானே சம்பந்தியம்மா.

இறங்குமாங்கிறது கேள்வியே இல்லை. தாய் சாப்பிடுற மருந்து அநேகமா எல்லாமே கொஞ்சமாச்சும் பாலுக்கு வரும். எவ்வளவு வருது, வந்தது பிள்ளையை என்ன பண்ணும்? கேக்க வேண்டியது இதைத்தான். நான் கிராமத்து நர்சா இருந்து ரிட்டையர் ஆனவ. வேலையில இருந்த காலம் பூரா நான் பாத்தது, இந்த "எவ்வளவு"ங்கிற கேள்வியை மட்டும் யாரும் கேக்க மாட்டாக. ஆட்டுக்கறிக்கடையில அரைக் கிலோவுல அம்பது கிராம் குறைஞ்சா தராசையே புடுங்கிப் பாக்குற சனம், பிள்ளைக்குப் போற மருந்து எம்புட்டுன்னு மட்டும் கேக்காது.

சரி, இந்தப் பயம் எங்கேயிருந்து வந்துச்சுன்னு எனக்குத் தெரியும். தொழுவத்துல இருந்து வந்துச்சு. நம்ம செவலைக்குப் போன வருசம் மடிநோவு கண்டுச்சு. மாட்டு டாக்டர் வந்து காம்பு வழியா மருந்தை ஏத்திட்டு, "மூணு நாளைக்குப் பாலை சொசைட்டிக்கு ஊத்தாதீக"ன்னு சொல்லிட்டுப் போனாரு. சம்பந்தியம்மா வீட்டுலயும் மாடு உண்டு. அவுகளுக்கும் இது அத்துபடி. மாட்டுக்கு மருந்து போட்டாப் பாலைக் கீழே ஊத்தணும், ஆகவே மருமகளுக்கு மருந்து போட்டாலும் கீழே ஊத்தணும். கணக்கு நேர்த்தியாத்தான் இருக்கு. மருமகளை எந்தக் கணக்குல வச்சிருக்காகங்கிறதும் இதுல தெரிஞ்சு போச்சு.

ஆனா மாட்டுக்கு மருந்தை எங்க போட்டாக? மடிக்குள்ளயே போட்டாக. குழாய் மருந்து நேரா காம்புக்குள்ள போய், பாலோடயே கலந்து கெடக்கு. மறுவேளை கறந்தா மருந்தும் சேர்ந்துதான் வரும். அந்தப் பாலை உறை ஊத்தினாத் தயிர் விழாது, ஏன்னா உறையில இருக்குற நல்ல கிருமியையும் மருந்து கொன்னுரும். அந்தப் பாலை ஊர்ப்பட்ட பேரு குடிப்பாக. அதுல மருந்து ஒத்துக்காதவுக இருப்பாக. நோயே இல்லாதவன் வயித்துக்குள்ள தினம் தினம் கொஞ்சூண்டு ஆன்டிபயாடிக் போனா கிருமியும் மருந்துக்குப் பழகிக்கும். இத்தனையும் சேர்த்துப் பாத்துத்தான் ஊத்தாதேங்கிறாக. இவ மாத்திரையை வாயில போட்டு முழுங்குறா. அது வயித்துல கரைஞ்சு, ஈரலைத் தாண்டி, உடம்பு பூராவும் ஓடுற ரத்தத்துல கலந்து, அதுலயும் ஒரு பங்கு ரத்தத்துல இருக்குற புரதத்தோட ஒட்டிக்கிட்டு நகராம நின்னு, மிச்சம் மீதி மூத்திரத்துல போயி, அதுக்கும் அப்புறம் தப்பிச்சது ஏதோ பாலுக்கு வந்து சேரும். ரெண்டையும் ஒரே கவுத்துல கட்டலாமா?

கணக்கே போட்டுப் பாத்துருவோம். அந்த மாத்திரை அட்டையை இங்க குடு. ஊரெல்லாம் 625, 625னு சொல்ற மாத்திரைதான். உள்ள அமாக்சிசிலின் 500, கிளாவுலனிக் அமிலம் 125, எல்லாம் மில்லிகிராம். இந்த அமாக்சிசிலினைத் தாய்மாருக்கு ஒரே வேளையில 1,000 மில்லிகிராம், அதாவது இவ ஒரு வேளைக்கு முழுங்குறதப்போல ரெண்டு மடங்கு, குடுத்துப் பாலை எடுத்துச் சோதிச்சிருக்காக. உச்சத்துல இருந்தப்பவே ஒரு லிட்டர் பாலுக்குச் சராசரியா 1 மில்லிகிராம்கூடத் தேறலை, 0.9 தான். நம்ம பயல் அஞ்சு கிலோ இருக்கான். இந்த வயசுப் பிள்ளை கிலோவுக்கு 150 மில்லி வீதம் ஒரு நாளைக்குக் குடிக்கும்; அப்ப முக்கா லிட்டர். நாள் பூரா அந்த உச்சமே நிக்குதுன்னு வச்சுக்கிட்டாலும் அவன் வயித்துக்குள்ள போறது 0.7 மில்லிகிராம்.

இப்ப கேளுங்க. நாளைக்கு இதே பயலுக்குக் காதுல சீழ் வடிஞ்சு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனா என்ன மருந்து குடுப்பாக? பல நேரம் இதே அமாக்சிசிலினைத்தான், சிரப்பா, மூடியில அளந்து குடுப்பாக. அஞ்சு கிலோப் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 100 மில்லிகிராமும் குடுப்பாக, அதுக்கு மேலயும் குடுப்பாக. சம்பந்தியம்மாவே பிள்ளை மூக்கைப் பிடிச்சு ஊத்துவாக, "டாக்டர் குடுத்த மருந்து, துப்பாதடா கண்ணு"ன்னு கொஞ்சுவாக. நூறை ஊத்துறப்ப கொஞ்சல், அதுல நூத்துல ஒரு பங்குகூட இல்லாததுக்கு ஒப்பாரி!

தாயோட எடைக்குக் கிலோவுக்கு எவ்வளவு மருந்து, பால் வழியாப் பிள்ளையோட எடைக்குக் கிலோவுக்கு எவ்வளவு மருந்து, ரெண்டையும் வச்சுப் பாத்து, நூத்துக்குப் பத்துக்குக் கீழே இருந்தாப் பொதுவாப் பயமில்லைன்னு டாக்டர்மாரு ஒரு அளவு வச்சிருக்காக. பென்சிலின் சாதி மருந்துக, செஃபலெக்சின் மாதிரி உள்ளதுக, எல்லாம் ஒண்ணு ரெண்டுலயே நின்னுரும். சில மருந்து உருவத்துலயே பெருசு. ரத்தம் உறையாம இருக்கப் போடுற ஹெப்பாரின் பாலுக்குள்ள நுழையவே முடியாது. சிலது நுழைஞ்சாலும் பிரயோசனமில்லை. ஜென்டாமைசின் ஊசி தெரியுமில்ல? பால்ல கொஞ்சம் வரும். ஆனா குடல் அதை ரத்தத்துக்கு ஏத்திக்கிறதே அபூர்வம். அதனாலதான் அதை மாத்திரையாக் குடுக்காம ஊசியாப் போடுறாக. பிள்ளை குடிச்சது பெரும்பாலும் பீயோட போயிரும்.

பேத்தி, நீ செல்போன்ல எதையோ பாத்துட்டு, "அம்மாச்சி, மாத்திரை போட்ட மறுவேளைப் பாலைப் பீச்சி ஊத்திட்டா மருந்து போயிரும், அப்புறம் குடுக்கலாமாம்"ங்கிறே. நீ படிச்ச பிள்ளை, எம்.எஸ்சி. உன்கிட்ட நான் வாதாட முடியுமா? ஆனா ஒண்ணு கேட்டுக்க. மார்ல இருக்குற பால் மூடி போட்டு வச்ச பால் இல்லை. ரத்தத்துல மருந்து ஏறுறப்ப பாலுக்கு வருது; ரத்தத்துல இறங்குறப்ப பால்ல இருக்குறதும் திரும்ப ரத்தத்துக்கே போயிருது. நீ பீச்சினாலும் அது அது நேரத்துக்குத்தான் குறையும், பீச்சாட்டியும் குறையும். அசித்ரோமைசின் மாதிரி சிலது இருக்கு. மூணு நாள் மாத்திரை முடிஞ்ச பிறகும் நாள் கணக்கா உடம்புல தங்கும். அதுக்கு ஒரு வேளைப் பாலை ஊத்தி என்ன ஆகப் போகுது? மனசு கேக்கலைன்னா பிள்ளைக்குக் குடுத்து முடிச்ச கையோட மாத்திரையைப் போட்டுக்க, இல்லை பிள்ளை ராத்திரி நெடுநேரம் தூங்குறதுக்கு முன்னால போட்டுக்க. இந்த 625-க்கு அதுகூட வேண்டியதில்லை.

அது கெடக்கட்டும். இந்த மாத்திரையே எதுக்கு வந்துச்சு? பால் கட்டிக்கிட்டு, மார் ஒரு பக்கம் செவந்து கல்லாட்டம் ஆகி, குளிர் காய்ச்சல் அடிச்சதுக்கு வந்துச்சு. அதுக்கு மருந்து சாப்பிடுறவளைப் பால் குடுக்காதேன்னு நிறுத்துறது பெரிய வைத்தியம் போங்க. உறிஞ்ச ஆள் இல்லாமப் பால் தேங்கும், வீக்கம் கூடும், சில பேருக்குச் சீழ் கட்டி, ஊசியில உறிஞ்சியோ கத்தி வச்சுக் கீறியோ எடுக்கணும். மாருக்குள்ள இருக்குற கிருமி பிள்ளைக்குப் போகுமேன்னு கேப்பீக. அது அநேகமாப் பிள்ளையோட வாயிலயும் தாயோட தோல்லயும் ஏற்கெனவே குடியிருக்குற கிருமிதான். அதை எதிர்க்கிற சத்தும் அந்தப் பால்லயேதான் வருது. "பீச்சித்தானே ஊத்துறா, தேங்காது"ம்பீக. நாலு நாளைக்குப் பீச்சுவா. அஞ்சாவது நாள் கை ஓயும், தூக்கம் வரும், பீச்சுறது குறையும், பால் வத்தும். பயலும் பாட்டில் ரப்பருக்குப் பழகிட்டா மார்ல வச்சாலும் முகத்தைத் திருப்பிக்குவான். பத்து நாள் கழிச்சு மாத்திரை முடியுறப்ப பாலும் முடிஞ்சிருக்கும். அப்ப எல்லாரும் சேர்ந்து சொல்லுவீக: "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எங்க பால் ஊறுது?"

சுடுதண்ணி ஒத்தடம் குடுத்து, எண்ணெய் தேச்சு அழுத்தி உருவி விடுறேன்னு சம்பந்தியம்மா முழங்கைக்கு மேல சேலையை ஏத்திக்கிட்டு நிக்கிறீக. உங்க கைப்பலம் ஊருக்கே தெரியும், உலக்கையே பயப்படும். அந்தக் கையைக் கொஞ்சம் ஓய்வா வைங்க. 2022-ல தாய்ப்பால் மருத்துவத்துக்குன்னு இருக்குற டாக்டர்மாரு சங்கம் ஒண்ணு வழிமுறையையே மாத்தி எழுதிருச்சு. அழுத்தித் தேய்க்காதே, உள்ள இருக்குற சதை இன்னும் வீங்கும். துணியில ஐஸ் கட்டியைச் சுத்தி வை. வலிக்கு இபுப்ரோஃபென், பாரசிட்டமால் எடுத்துக்க. பிள்ளை பசிக்கு எப்பவும் குடுக்குற அளவு குடு. ஒட்டக் கறந்து காலி பண்ணணும்னு கூடுதலாப் பீச்சாதே, பீச்சப் பீச்ச இன்னும் ஊறும். முதல் ஒரு நாள் இப்பிடிப் பாத்தா ஆன்டிபயாடிக்கே வேண்டியிராம அடங்குறதும் உண்டு. இவளுக்கு அடங்கலை, டாக்டரம்மா எழுதினாக. எழுதினதை முழுசாச் சாப்பிடணும், பயலுக்கும் முழுசாக் குடுக்கணும்.

சம்பந்தியம்மா கோவிச்சுக்கக் கூடாது. நீங்க வந்து எறங்குன அன்னைக்கு உங்க மஞ்சப்பையை நான் பாத்தேன். வசம்பு இருந்துச்சு, மாசிக்காய் இருந்துச்சு, சாதிக்காய் இருந்துச்சு, உரசுறதுக்குக் கல்லும் கொண்டாந்திருந்தீக. அப்புறம் ஒரு தேன் பாட்டில், ஒரு கிரைப் வாட்டர். கைராசிக்காரவுக. வசம்பைச் சுட்டு உரசிப் பயல் நாக்குல தடவுனப்ப எத்தனை மில்லிகிராம்னு நீங்களும் கேக்கலை, மாப்பிள்ளையும் கேக்கலை. அந்த வசம்புல ஆசரோன்னு ஒரு சரக்கு இருக்கு; எலிக்குக் குடுத்துப் பாத்துக் கட்டி வருதுன்னு 1968-லேயே அமெரிக்காவுல சாப்பாட்டுல சேர்க்கக் கூடாதுன்னு தடை போட்டுட்டாக. தேன் ஒரு வயசு வரைக்கும் ஆகவே ஆகாது. அதுல இருக்குற ஒரு வித்துக்கிருமி பச்சைப்பிள்ளை குடல்ல முளைச்சுக் கை கால் துவண்டு போக வைக்கும். கிரைப் வாட்டர்ல ஒரு காலத்துல சாராயம் கலந்திருந்தாக. பிள்ளை அமைதியாத் தூங்குனதுக்கு அதுதான் காரணமோ என்னமோ. ஆறு மாசம் வரைக்கும் தாய்ப்பாலைத் தவிரத் தண்ணிகூட வேண்டாம்னு உலகமே சொல்லுது. நாக்குல நேராத் தடவுற மருந்துக்குப் பயமில்லை, தாய் உடம்பு முழுக்கச் சுத்தி வடிஞ்சு வர்ற மருந்துக்குத்தான் பயம்.

இப்ப மாப்பிள்ளை. வாங்க மாப்பிள்ளை, உக்காருங்க. உங்களை நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். பொண்டாட்டி பிள்ளை மேல இம்புட்டு அக்கறையா ராத்திரி பத்து மணிக்கு டவுனுக்குப் போய் மாவு டப்பா வாங்கியாந்த மாப்பிள்ளை யாருக்குக் கெடைப்பாக? அந்த டப்பாவைக் கொஞ்சம் திருப்புங்க. உங்களுக்குக் கண்ணு நல்லாத் தெரியும், படிங்க. தாய்ப்பால்தான் பிள்ளைக்குச் சிறந்ததுன்னு எழுதியிருக்கா? பெரிய எழுத்துல போட்டாகணும், 1992-ல போட்ட சட்டம். டப்பா மேல கொழுகொழுன்னு பிள்ளைப் படம் போடக் கூடாது, விளம்பரம் பண்ணக் கூடாது, தாய்மாருக்கு மாதிரிப் பொட்டலம் இலவசமாக் குடுக்கக் கூடாதுன்னும் சட்டம் இருக்கு. விக்கிறவனே நெத்தியில எழுதி ஒட்டி விக்கிறான், "என் சரக்கவிட உன் வீட்டுல இருக்குறது ஒசத்தி"ன்னு. அதுக்கும் காசு குடுத்து வாங்கியாந்தீக பாருங்க, அந்த மனசு யாருக்கு வரும்!

அந்த மாத்திரை அட்டையையும் திருப்பிப் பாருங்க. முதுகுல நெட்டுக்குத்தா ஒரு சிவப்புக் கோடு. டாக்டர் சீட்டு இல்லாம இதை வாங்கித் திங்காதேன்னு அர்த்தம். 2016-ல சர்க்காரே ஊரெல்லாம் சொல்லுச்சு. 2014-லேர்ந்து எச்1 பட்டியல்னு வேற ஒண்ணு இருக்கு. செஃபிக்சிம் மாதிரி மருந்தெல்லாம் அதுல வரும். அதை வித்தா மருந்துக்கடைக்காரரு வாங்குனவுக பேரு, எழுதுன டாக்டரு பேரு எல்லாத்தையும் நோட்டுல எழுதி மூணு வருசம் வச்சிருக்கணும். நீங்க போன மாசம் சளிக்கு ஒரு கடையில நின்னு "அந்த மூணு நாள் மாத்திரை குடுங்க"ன்னு வாங்கி, ஒண்ணு தின்னுட்டு, மிச்சம் ரெண்டை அலமாரியில வச்சிருக்கீக. சளி வைரஸ்ல வர்றது. ஆன்டிபயாடிக் அதை ஒண்ணும் பண்ணாது. அந்த மிச்ச ரெண்டைத்தான் முந்தாநாள் இவளுக்குக் காய்ச்சல் அடிச்சப்ப நீங்க எடுத்து நீட்டுனது. உங்க ஆத்தா அப்ப "பால் குடுக்கிறவ"ன்னு வாயே தொறக்கலையே? டாக்டர் எழுதுன மருந்துன்னாத்தான் பிள்ளைக்கு ஆகாது, மகன் எடுத்துக் குடுத்தா ஆகும் போல.

நான் எல்லா மருந்தும் வெல்லம்னு சொல்ல வரலை. அப்பிடிச் சொன்னா நர்சு வேலை பாத்ததுக்கே அசிங்கம். பாத்து நடக்க வேண்டியது உண்டு. குளோராம்பெனிகால், பழைய டைபாய்டு மருந்து, அதைப் பால் குடுக்கிறவ தொடவே கூடாது. பிள்ளையோட ரத்தம் ஊறுற இடத்தையே கெடுக்கலாம். மூத்திரக் கடுப்புக்குக் குடுக்குற கோட்ரைமாக்சசோல், நைட்ரோஃப்யூரன்டாயின் ரெண்டும் மாசம் முடியாத பிள்ளை, மஞ்சக்காமாலை கண்ட பிள்ளை, குறைமாசப் பிள்ளை, ஜி6பிடிங்கிற நொதி குறைவுன்னு டாக்டர் சொன்ன பிள்ளை, இதுகளுக்கு ஆகாது. பச்சைப்பிள்ளை ஈரலும் சிறுநீரகமும் இன்னும் தேறாதது. வந்த மருந்தை வெளியேத்த நாளாகும். பிறந்த முதல் ரெண்டு வாரத்துல தாய்க்கு எரித்ரோமைசின் குடுத்தா, பிள்ளைக்கு இரைப்பையோட வாசல் தடிச்சுப் போயி, குடிச்ச பாலைப் பீச்சியடிச்சாப்புல வாந்தி எடுக்குற கோளாறு வரலாம்னு ஒரு எச்சரிக்கை உண்டு. மெட்ரோனிடசோல் மத்ததவிடக் கூடுதலாப் பால்ல வரும், நான் சொன்ன பத்துக்குக் கிட்டக்கவே போகும். வழக்கமான அளவுன்னா குடுத்துக்கிட்டே சாப்பிடலாம். 2 கிராமை ஒரே மூச்சுல முழுங்கச் சொன்னாத்தான் 12 மணியிலேர்ந்து 24 மணி நேரம் பொறுத்துக் குடுன்னு சில டாக்டருக சொல்லுவாக. அந்தப் பால் கொஞ்சம் கசப்புத் தட்டும்னும் சொல்றாக; பயல் மூஞ்சியச் சுளிச்சா "பில்லி சூனியம்"னு வேப்பிலையைத் தூக்கிடாதீக.

டாக்சிசைக்ளினைப் பத்தி ஒரு வேடிக்கை. அது பல்லைக் கறையாக்கும்னு பிள்ளைகளுக்குக் குடுக்காம வச்சிருந்த சாதி. ஆனா பால்ல இருக்குற சுண்ணாம்புச் சத்தே அதைப் புடிச்சு வச்சுக்கிரும், பிள்ளை குடல் அதிகமா ஏத்துக்காது. அதனால மூணு வாரத்துக்குள்ள முடியுற மருந்துன்னாப் பரவாயில்லைங்கிறாக. மூஞ்சியில பருன்னு மாசக்கணக்காச் சாப்பிடுறதுதான் வேண்டாம், பரு பொறுத்துக்கும்.

காசநோய் வந்தவளைப் பத்திச் சொல்லாட்டி என் மனசு ஆறாது. ஊர்ல ஒருத்திக்கு டிபின்னு தெரிஞ்சா முதல் காரியமாப் பிள்ளையைப் புடுங்கிருவாக. நாலு மருந்து, ஆறு மாசம். அத்தனையும் சாப்பிட்டுக்கிட்டே பால் குடுக்கலாம். ரிஃபாம்பிசின் சாப்பிட்டா மூத்திரம், கண்ணீர், வேர்வை எல்லாம் ஆரஞ்சு நிறமா வரும், அதைப் பாத்து மிரளக் கூடாது. தொத்துறது இருமல் வழியாத்தான், அதனால முகத்துல மாஸ்க் போட்டுக்கிட்டுக் குடுக்கணும். பிள்ளைக்குத் தனியாத் தடுப்பு மருந்தும் டாக்டர் குடுப்பாக. பால்ல வர்ற காசநோய் மருந்து பிள்ளையைக் காப்பாத்தவும் பத்தாது, கெடுக்கவும் பத்தாது, அம்புட்டுத்தான் வரும்.

சிசேரியன் ஆனவளுக்கு ஊசியில ஆன்டிபயாடிக் போயிருக்குன்னு சீம்பாலை ஊத்துன வீடும் நம்ம பக்கம் உண்டு. முதல் ரெண்டு மூணு நாள் மாருக்குள்ள சந்து இடுக்கு இன்னும் சரியா மூடாது, மருந்து சுலபமா நுழையும், மெய்தான். ஆனா அந்த நாள்ல பிள்ளை குடிக்கிறதே சங்களவுதானே? நுழைஞ்சது கூடுதலா இருந்தாலும் போய்ச் சேர்றது கம்மி.

பேத்தி, உனக்கு நான் சொல்றது இதுதான். மாத்திரையைப் போடு, பிள்ளைக்குக் குடு, அவனைப் பாத்துக்க. பேதி தண்ணியாப் போகலாம், அடியில செவக்கலாம், நாக்குல துடைச்சாப் போகாத வெள்ளைத் திட்டுப் படியலாம். படிஞ்சா டாக்டர்கிட்ட காட்டு. உன் காம்பும் எரிஞ்சா ரெண்டு பேருக்கும் சேர்த்து மருந்து குடுப்பாக. மலத்துல ரத்தம், உடம்பெல்லாம் தடிப்பு, பால் குடிக்காமச் சோர்ந்து கெடக்குறது, இது எதையாவது கண்டா அன்னைக்கே தூக்கிட்டு ஓடு. அப்பக்கூட டாக்டரம்மா மருந்தை மாத்துவாகளே ஒழியப் பாலை நிறுத்தச் சொல்றது அபூர்வம்.

அமெரிக்க தேசிய மருத்துவ நூலகத்துல லாக்ட்மெட்னு ஒரு ஏடு 2006-லேர்ந்து இருக்கு. எந்த மருந்து எவ்வளவு பால்ல வருதுன்னு காசில்லாம செல்போன்லயே படிக்கலாம். மாப்பிள்ளை ரீல்ஸ் பாக்குற நேரத்துல பத்து நிமிசம் அதைப் பாத்தா உங்க கண்ணுக்கு ஒண்ணும் ஆயிராது. பாக்குறது தெரிஞ்சுக்கத்தான், மருந்தை மாத்துறதும் நிறுத்துறதும் டாக்டர் வேலை.

தாய்மாரே, உங்களுக்கும் சேர்த்துத்தான் பேசிக்கிட்டு இருக்கேன். பல்லு வலின்னு போனாலும் சரி, கால்ல முள்ளு குத்திச் சீழ் வச்சுப் போனாலும் சரி, டாக்டர்கிட்ட முதல் வார்த்தையா "நான் பால் குடுக்கிறவ, பிள்ளைக்கு இத்தனை நாள், மாசத்துக்குப் பிறந்தது, இல்லை குறைமாசம்"னு சொல்லிருங்க. அவரு "மாத்திரை முடியுற வரைக்கும் பால் குடுக்காதே"ன்னா, "இதுக்குப் பதிலா, பால் குடுத்துக்கிட்டே சாப்பிடுற மருந்து இருக்கா?"ன்னு தயங்காமக் கேளுங்க. பெரும்பாலும் இருக்கும். ராத்திரி நேரத்துல சந்தேகம் வந்தா 104-க்குப் போன் போடுங்க, சர்க்கார் ஆளு பேசுவாக. பேசுறப்ப ஸ்பீக்கர்ல போட மறந்துராதீக. சம்பந்தியம்மாவுக்கு என் சத்தம் மட்டும் காதுல விழாது.